மரபணுவும் வீட்டு எண்ணும்

அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில், வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளுக்கு நடுவே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. அம்பத்தூரின் ஒரு பகுதியான கள்ளிக்குப்பத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவுதான். 1999-இல் இரண்டு பழைய அமைப்புகளை இணைத்து இதை உருவாக்கினார்கள். ஆவடியில் இயங்கிவந்த மத்திய ஜால்மா தொழுநோய் நிறுவனத்தின் களப்பிரிவு ஒன்று; சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனம் மற்றொன்று. முன்னதில் இருந்தவர்கள் ஊர் ஊராக, வீடு வீடாக நடந்தவர்கள். பின்னதில் இருந்தவர்கள் அப்படி வந்துசேர்ந்த தாள்களைக் கணக்காக்கத் தெரிந்தவர்கள். லட்சக்கணக்கானவர்களின் உடல்நலத்தை ஆராயத் தேவையான இரண்டு திறமைகளும் அன்று ஒரே கூரையின்கீழ் வந்தன.

இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ஒரு மனிதரின் டி.என்.ஏ.வில் உள்ள முந்நூறு கோடி எழுத்துகளையும் இயந்திரம் படித்துத் தருகிறது. பல்லாயிரம் பேருடையதைக் கணினி பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறது. இனி ரத்தம் ஒரு சொட்டு போதும், வரப்போகும் நோயைச் சொல்லிவிடலாம் என்கிற நம்பிக்கை செய்தித்தாள்களில் அடிக்கடி தலைகாட்டுகிறது. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஒரு மரபணு மாறுபாடு ஆபத்தானதா என்று தெரிய வேண்டுமானால், அதைச் சுமப்பவர் பத்து, பதினைந்து ஆண்டுகளில் என்ன ஆனார் என்று யாராவது போய்ப் பார்த்திருக்க வேண்டும். அப்படிப் போய்ப் பார்க்கும் வேலையில் சென்னையும் அதன் மேற்குப் புறநகரும் உலகத்துக்கே முன்னோடிகள். அந்த உழைப்பும் இன்றைய மரபணு ஆராய்ச்சியும் இன்னும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை என்பதுதான் என் கவலை.

ஆவடிக் களப்பிரிவு செய்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1991-இல் தொடங்கி, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிடும் சோதனையை அது நடத்தியது. சுமார் மூன்று லட்சம் மக்களில் 2,16,000 பேர் தகுதியானவர்கள் என்று கண்டு, அவர்களில் 1,71,400 பேர் தாமாக முன்வந்து ஊசி போட்டுக்கொண்டார்கள். எந்த ஊசி யாருக்குப் போடப்பட்டது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு ஆண்டுக்கணக்கில் அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய், தோலில் தேமலோ உணர்ச்சியற்ற இடமோ இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஐ.சி.ஆர்.சி. தடுப்பூசி 65.5 சதவீதமும், பி.சி.ஜி.யோடு கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியைச் சேர்த்த ஊசி 64 சதவீதமும் பாதுகாப்பு தந்தன என்பது முடிவு. தனி பி.சி.ஜி. தந்தது 34.1 சதவீதம். இந்த எண்களுக்குப் பின்னால் இருந்த கருவி ஒரு பதிவேடு: இந்த வீடு, இந்தப் பெயர், இந்த வயது, கடைசியாகப் பார்த்த நாள்.

இதே மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய பி.சி.ஜி. சோதனை இதைவிடப் பெரியது. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோருக்கு ஊசி போட்டு, பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்ற, யாரும் எதிர்பாராத விடை கிடைத்தது. பின்தொடராமல் விட்டிருந்தால் நல்ல நம்பிக்கையோடு தவறான இடத்தில் நின்றிருப்போம்.

சென்னையின் மிகப்பெரிய ஆய்வு இன்னொன்று. டாக்டர் வேந்தன் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் சேர்ந்து செய்தது. முதலில், இறந்துபோன பெரியவர்களின் வீடுகளுக்குக் களப்பணியாளர்கள் போனார்கள். கடைசி நாட்களில் என்ன தொந்தரவு இருந்தது, எத்தனை நாள் இருமினார், பீடி பிடிப்பாரா என்று குடும்பத்தாரிடம் கேட்டு எழுதிவந்தார்கள். அதைப் படித்து மருத்துவர்கள் சாவின் காரணத்தை வகைப்படுத்தினார்கள். இப்படிச் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலுமாக 43,000 ஆண்களின் இறப்பை ஆராய்ந்து 2003-இல் லான்செட் இதழில் வெளியிட்டபோது, இந்திய ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் ஏறக்குறைய பாதிக்குப் புகைபிடித்தல் காரணம் என்பது வெளிப்பட்டது. புகைத்தால் புற்றுநோய் வரும், மாரடைப்பு வரும் என்று மேற்கு நாடுகள் சொல்லிக்கொடுத்திருந்தன. காசநோயால் சாவார்கள் என்பதைச் சென்னைதான் இத்தனை அழுத்தமாக எண்களோடு காட்டியது.

அதன் தொடர்ச்சியாக 1998 முதல் 2001 வரை 35 வயதைத் தாண்டிய 5,00,810 பேரை நேரில் கண்டு, எடை, உயரம், ரத்த அழுத்தம் அளந்து, பழக்கவழக்கம் கேட்டுப் பதிந்தார்கள். பிறகு சராசரியாகப் பதினான்கு ஆண்டுகள், யார் உயிரோடு இருக்கிறார், யார் இல்லை, ஏன் இல்லை என்று மீண்டும் வீட்டுக்குப் போயும் மாநகராட்சியின் இறப்புப் பதிவைப் பார்த்தும் அறிந்தார்கள். முடிவுகள் 2018-இல் வந்தன. ஒல்லியாக இருப்பவர்களிடம் காசநோய்ச் சாவும் மூச்சு சம்பந்தமான சாவும் மிக அதிகம். ரத்த அழுத்தம் உயர உயர இதய நோய்ச் சாவு உயர்கிறது.

பிரிட்டனின் யு.கே. பயோபேங்க் ஆட்களைச் சேர்க்கத் தொடங்கியது 2006-இல். அதிலும் ஐந்து லட்சம் பேர். அங்கே ஒவ்வொருவரின் ரத்தத்தையும் உறைய வைத்தார்கள், பின்னர் முழு மரபணுத்தொகுதியைப் படித்தார்கள், தேசிய மருத்துவச் சேவையின் பதிவுகளோடு இணைத்தார்கள். இன்று உலகில் எந்த மரபணு ஆராய்ச்சியாளரும் அந்தச் சுரங்கத்துக்குப் போகாமல் வேலை செய்ய முடியாது. எட்டு ஆண்டுகள் முன்னதாக, அதே அளவில் ஆட்களைச் சேர்த்த சென்னை ஆய்விடம் மரபணுத் தரவு இல்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1998-இல் மனித மரபணுத்தொகுதியின் முதல் வரைவுகூட முடியவில்லை. நடந்தே எடுத்த ஐந்து லட்சம் பேரின் விவரம் எவ்வளவு பெரிய செல்வம் என்பதையும், அதில் இன்னொரு பாதியைச் சேர்த்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அந்த இன்னொரு பாதி இப்போது வேறிடத்தில் இருக்கிறது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2020 ஜனவரியில் ஜீனோம் இந்தியா திட்டத்தைத் தொடங்கியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம் தலைமை ஏற்க, சென்னை ஐ.ஐ.டி. உட்பட இருபது நிறுவனங்கள் சேர்ந்தன. 83 மக்கள் குழுக்களைச் சேர்ந்த சுமார் பத்தாயிரம் பேரின் மரபணுத்தொகுதிகளைப் படித்து, 18 கோடி மாறுபாடுகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். 2025 ஜனவரியில் தரவு ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையம் வழியாக ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அருமையான வேலை. நம் மக்களிடம் எந்த மாறுபாடு எவ்வளவு பரவலாக இருக்கிறது என்ற அடிப்படைக் கணக்கு இவ்வளவு விரிவாக இதற்குமுன் இல்லை. ஆனால் அது மனிதர்களை ஒரு கணத்தில் பிடித்த படம். ரத்தம் கொடுத்துவிட்டு வீடு திரும்பியவர்களுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பது அந்தப் பட்டியலுக்குள் இல்லை.

கணினி இங்கே என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நோயுள்ளவர்களையும் இல்லாதவர்களையும் எடுத்துக்கொண்டு, டி.என்.ஏ.வின் பத்து லட்சம் இடங்களில் எந்த எழுத்து நோயாளிகளிடம் கூடுதலாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள். வழக்கமான நூற்றுக்கு ஐந்து என்ற அளவுகோலை வைத்தால் எந்த உண்மையும் இல்லாமலே ஐம்பதாயிரம் இடங்கள் ‘தொடர்புள்ளவை’ என்று எழுந்து நிற்கும். அதனால் இரண்டு கோடியில் ஒன்று என்கிற அளவுக்குக் கடுமையாக்கியிருக்கிறார்கள். அதைத் தாண்ட ஆயிரம் பேர் போதாது. பல்லாயிரம் பேர் வேண்டும். ‘பெருந்திரள்’ என்ற தேவை இங்கிருந்துதான் வருகிறது.

அடுத்த சிக்கல் நம்முடைய சமூகத்தின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. ஒரு மருத்துவமனைக்கு வரும் நீரிழிவு நோயாளிகளில் பெரும்பாலோர் ஒரு சாதியினர், ஒப்பிட எடுத்த நலமானவர்கள் வேறு சாதியினர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு சாதிகளுக்கும் இடையே பல தலைமுறையாகத் திருமணம் இல்லை. அவர்களுக்குள் வேறுபடுகிற எல்லா எழுத்துகளும் நீரிழிவுக்குக் காரணம்போலக் காட்சி தரும். இதைக் கண்டுபிடித்துக் கழிக்கப் புள்ளியியல் முறைகள் உண்டு. யார் யாருக்கு எவ்வளவு நெருங்கிய உறவு என்பதை மரபணுவிலிருந்தே கணித்துச் சரிசெய்கிறார்கள். ஐரோப்பிய மக்களுக்காக எழுதப்பட்ட நிரல்களை அப்படியே இங்கே ஓட்டினால் அந்தக் கணிப்பு தடுமாறும். காரணம், தமிழ்நாட்டில் சொந்தத்தில் திருமணம் இன்றும் சாதாரணம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே திருமணமான பெண்களில் 28 சதவீதத்தினர் உறவுக்குள் மணந்தவர்கள். இந்தியாவிலேயே இது மிக அதிகம். அத்தை மகன், மாமன் மகள் மணந்தால் பிறக்கும் குழந்தையின் மரபணுத்தொகுதியில் சராசரியாகப் பதினாறில் ஒரு பங்கு இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கும். தாய்மாமனைக் கட்டினால் எட்டில் ஒரு பங்கு.

இந்தக் கட்டமைப்பு ஆராய்ச்சிக்குத் தொல்லை மட்டும் தருவதில்லை. ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் பங்கேற்ற 2017-ஆம் ஆண்டு ஆய்வு, தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்கள் மிகச் சில மூதாதையரிலிருந்து பெருகியவை. அந்தக் குறுகல் ஃபின்லாந்துக்காரர்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் இருப்பதைவிடக் கூர்மையானது. இதன் நடைமுறை விளைவை அறுவை சிகிச்சை அறையில் பார்க்கலாம். மயக்கம் கொடுக்கும்போது தசையைத் தளர்த்தத் தரும் ஒரு மருந்து, ஆரிய வைசியர் சிலருக்குச் சில நிமிடங்களில் கலையாமல் மூச்சுத் தசைகளை நெடுநேரம் முடக்கிவிடுகிறது. மருந்தைச் சிதைக்கும் நொதி அவர்களிடம் குறைவு; அந்தக் குறைபாடு மற்றவர்களைவிட நூறு மடங்கு அதிகமாக அவர்களிடம் உண்டு. மயக்க மருந்து நிபுணர்கள் அனுபவத்தில் அறிந்திருந்ததை மரபணுக் கணக்கு உறுதிப்படுத்தியது. இதைத் தெரிந்துகொண்டால் மாற்று மருந்து கொடுத்துவிடலாம், அவ்வளவுதான்.

இதய விஷயம் அத்தனை எளிதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, ஆய்வாளர் தண்டபாணியின் ஆராய்ச்சி, 2009-இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வந்தது. இதயத் தசையின் ஒரு புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட வடிவம், தெற்காசியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கிறது என்றும், அது இதயத் தசை நோயின் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டுகிறது என்றும் காட்டியது. கோடிக்கணக்கானோர் சுமக்கும் மாறுபாடு! அப்படியானால் அத்தனை பேருக்கும் இதயம் பழுதாக வேண்டுமே? ஆகவில்லை. 2018-இல் வந்த இன்னொரு ஆய்வு, அந்தப் 25 எழுத்துக் குறையைச் சுமப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவரிடம் அதே மரபணுவில் இரண்டாவது மாறுபாடும் கூடவே இருப்பதையும், இதயத்தின் சுருங்கலில் மாற்றம் அவர்களிடம் தெரிவதையும் கண்டது. சுமப்பவர்களில் யார் படுக்கையில் விழுவார், யார் எண்பது வயதுவரை நடப்பார் என்பதைப் பிரித்தறிய அவர்களைப் பல்லாண்டுகள் தொடர்வதைத் தவிர வேறு வழி இல்லை.

நீரிழிவிலும் இதே கதை. டாக்டர் வி. மோகனின் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2001 முதல் 2004 வரை நடத்திய க்யூர்ஸ் ஆய்வில் 26,001 பேர் இருந்தார்கள். ஐரோப்பியர்களை நீரிழிவிலிருந்து ஓரளவு காக்கும் பி.பி.ஏ.ஆர். காமா மரபணு மாறுபாடு, சென்னைவாசிகளைக் காக்கவில்லை என்று 2006-இல் அந்த நிறுவனத்தின் ராதா குழுவினர் பங்கேற்ற ஆய்வு சொன்னது. டி.சி.எஃப்.7.எல்.2 என்ற இன்னொரு மரபணுவோ இங்கேயும் அங்கேயும் ஒரேபோல ஆபத்தைக் கூட்டுகிறது. எது ஒத்துப்போகும், எது போகாது என்பதை முன்கூட்டி ஊகிக்க முடியாது. இங்குள்ளவர்களிடம் சோதித்துத்தான் ஆகவேண்டும். பல்லாயிரம் மாறுபாடுகளைக் கூட்டிப் போடும் ‘மரபணு மதிப்பெண்’ பற்றி 2019-இல் வந்த ஒப்பீட்டில், ஐரோப்பியத் தரவில் உருவான மதிப்பெண்களின் துல்லியம் தெற்காசியர்களிடம் 37 சதவீதம் குறைந்துபோனது. தனியார் பரிசோதனைக்கூடங்கள் விற்கும் ‘எதிர்கால நோய்’ அறிக்கையைக் கையில் வாங்குகிறவர்கள் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

அதே க்யூர்ஸ் தரவிலிருந்து பிறந்த எளிய கருவி ஒன்று நாடு முழுக்கப் பயன்படுகிறது. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்ற நான்கு விவரங்களைக் கொண்டு நூறுக்குக் கணக்கிடும் இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண். அறுபதும் அதற்கு மேலும் வந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம். ஓர் அளவு நாடா போதும். பெற்றோரைப் பற்றிய கேள்வியில் மரபணுவும் ஒளிந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

க்யூர்ஸ் ஆய்வுக்கு ஆட்களை எடுத்தது அன்றைய சென்னை மாநகராட்சியின் 155 வார்டுகளில் தேர்ந்த 46 வார்டுகளிலிருந்து. அம்பத்தூர் அப்போது தனி நகராட்சி. 2011-இல்தான் மாநகராட்சியோடு இணைந்தது. ஆகவே கள்ளிக்குப்பம் அந்தச் ‘சென்னை’க்குள் இல்லை. தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள், வெளிமாவட்டத்திலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்து வாடகைக்கு இருப்பவர்கள் என்று நிறைந்த ஒரு புறநகரின் உடல், பழைய நகரத்தின் உடலோடு ஒன்றாகத்தான் இருக்கும் என்று கொள்ள முடியாது. மாதிரி எடுக்கும் எந்த ஆய்வுக்கும் மக்கள்தொகைப் பட்டியல் அடித்தளம். நம்மிடம் உள்ள பட்டியல் 2011-இன் கணக்கெடுப்பு. அதில் அம்பத்தூர் நகராட்சியின் மக்கள்தொகை 4,66,205. பல அடுக்குக் குடியிருப்புகள் பலவும் அதற்குப் பின் எழுந்தவை. பட்டியலில் இல்லாத தெருவை எந்த அல்காரிதமும் தேடிப் போகாது.

காசநோய்க்கு வருகிறேன், ஏனென்றால் அயப்பாக்கத்தின் இன்றைய வேலை அதில்தான் தெளிவாகத் தெரிகிறது. 2022 ஏப்ரலில் தமிழக அரசும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் ‘காசநோய் இறப்பில்லாத் திட்ட’த்தைத் தொடங்கின. புதிதாகக் காசநோய் கண்டறியப்பட்டவரிடம் ஊழியர் சில விஷயங்களைப் பார்க்கிறார்: உயரத்துக்கேற்ற எடை, காலில் வீக்கம், மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானமின்றி நிற்க முடிகிறதா. தேறாதவரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். பிறகு 2022 ஜூலை முதல் ஓராண்டில் அரசு மையங்களில் கண்டறியப்பட்ட சுமார் 56,000 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு, ஒருவர் இறக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று கணிக்கும் மாதிரியை உருவாக்கி, ஊழியர்கள் பயன்படுத்தும் செயலியிலேயே சேர்த்தார்கள். ஒல்லியானவர்களைக் காசநோய் அள்ளிக்கொண்டு போகிறது என்று ஐந்து லட்சம் பேரின் ஆய்வு சொன்னது இங்கே ஒரு எடைபார்க்கும் இயந்திரத்தின் வழியே சிகிச்சையாகியிருக்கிறது.

மரபணு இங்கே தேவையே இல்லையா? தேவை, கிருமியிடத்திலும் மனிதரிடத்திலும். சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் பிராட் நிறுவனமும் தென்னிந்திய நோயாளிகளின் 223 கிருமி வகைகளை முழுதாகப் படித்து 2017-இல் வெளியிட்டன. இங்கே மிகுதியாக உலவும் பரம்பரை வேறு. அதன் மருந்தெதிர்ப்பில் ஒரு பகுதி, வெளிநாட்டுக் கிருமிகளைப் பார்த்து வடிவமைத்த பரிசோதனைக் கருவிகளுக்குத் தப்பிவிடுகிறது. மனிதர் பக்கம் பார்த்தால், இதே நிறுவனம் சென்னை காசநோய்ச் சிகிச்சை மையமாக இருந்த 1960-களிலேயே ஐசோனியாசிட் மருந்தை வேகமாகச் சிதைப்பவர்கள், மெதுவாகச் சிதைப்பவர்கள் என்று நோயாளிகளைப் பிரித்து அறிந்தது. மெதுவாகச் சிதைப்பவர்களுக்குக் கைகால் நரம்பு எரிச்சல். வாரம் ஒருமுறை மருந்து கொடுத்தால் வேகமாகச் சிதைப்பவர்களுக்குக் குணம் குறைவு. என்.ஏ.டி.2 என்ற மரபணுதான் காரணம் என்று இன்று தெரியும். மரபணுவைப் பார்க்காமலே அதன் விளைவைச் சிறுநீர்ப் பரிசோதனையிலும் நோயாளியின் படிவத்திலும் பிடித்தார்கள், நோயாளிகளைத் தவறவிடாமல் தொடர்ந்ததால்.

தொடர்வது கள்ளிக்குப்பம் போன்ற இடத்தில் கடினமாகிக்கொண்டே போகிறது. பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் முடிந்தால் குடும்பம் ஆவடிக்கோ பூந்தமல்லிக்கோ நகர்கிறது. எண் மாறிய சிம் பதில் சொல்வதில்லை. இடம் மாறுகிறவர்கள் பெரும்பாலும் வறியவர்கள், இளையவர்கள். அவர்கள் கணக்கிலிருந்து விழுந்துவிட்டால், எஞ்சியவர்களின் உடல்நலத்தை ஊரின் உடல்நலம் என்று கணினி எழுதிக்கொடுத்துவிடும். நவீன முறைகள் விடுபட்டவர்களை ஓரளவு ஈடுகட்டும், ஆனால் எவ்வளவு பேர் விடுபட்டார்கள், எப்படிப்பட்டவர்கள் என்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கான வழி ஏற்கெனவே நம் தெருக்களில் நடமாடுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். யார் வீடு மாறினார், யார் மாத்திரையை நிறுத்தினார், எந்த வீட்டில் சாவு விழுந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் பார்க்கும் குடும்பங்களில் சம்மதிப்பவர்களிடம் மட்டும் ரத்த மாதிரி பெற்று, மரபணுவைப் படித்து, இறப்புப் பதிவோடும் அரசு மருத்துவமனைப் பதிவோடும் பெயர் மறைத்து இணைக்கலாம். சம்மதம் என்பது ஒருமுறை வாங்கும் கையெழுத்தாக இருக்கக் கூடாது. தரவை யார் கேட்டார்கள், எதற்குக் கொடுத்தோம் என்று ஆண்டுதோறும் அந்தக் குடும்பங்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். விலக நினைப்பவர் விலகலாம். சாதிப் பெயரோடு மரபணு முடிவு வெளியே போகக் கூடாது, திருமணப் பேச்சிலும் காப்பீட்டிலும் அது எப்படிப் பயன்படும் என்பதை நாம் அறிவோம். தன்னார்வலர்களுக்கு இது கூடுதல் வேலை, அதற்கு முறையான சம்பளமும் பயிற்சியும் தர வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-இல் நடக்கவிருக்கிறது. கள்ளிக்குப்பத்தின் புதிய தெருக்கள் அதில் ஏறிய கையோடு, முதல் மாதிரிப் பட்டியலை அங்கிருந்தே எடுக்கத் தொடங்கலாம்.